வெளுத்த பவளம்

சிங்கப்பூரில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர், கண்ணாடித் தொட்டியில் தாம் வளர்த்த பவளம் வெளுத்துவிட்டதென்று பதறி, மருந்துமேல் மருந்தாக ஊற்றிவிட்டு நமக்குக் கடிதம் எழுதினார். வெளுப்பு மரணமல்ல, பட்டினி. பவளத்தின் உடலில் குடியிருந்து, ஒளியைக் கொண்டு அதற்கு உணவு ஆக்கிக் கொடுக்கும் நுண்பாசிகள் வெளியேறிவிட்டன என்பதே பொருள். மருந்தை நிறுத்தி, ஜலத்தைச் சோதிக்கச் சொன்னோம். உப்பு கிலோவுக்கு 35 கிராம், சரிதான். உஷ்ணமோ 31 டிகிரி! குளிரூட்டி பழுதாகியிருந்தது. நாளுக்கு ஒரு டிகிரியாக 26-க்கு இறக்கி, விளக்கையும் மட்டுப்படுத்தி, பொறுத்திருக்கச் சொன்னோம். இரண்டு மாதத்தில் பழுப்பு நிறம் திரும்பிற்று.

2016-இல் நமது மன்னார் வளைகுடாப் பவளங்களும் உஷ்ணம் மிகுந்தே வெளுத்தன. பல மாண்டும் போயின. தொட்டிக்குக் குளிரூட்டி உண்டு. சமுத்திரத்துக்கு மனிதனின் விவேகம் ஒன்றுதான் உண்டு.