நாற்காலியைப் பேணுவதும் மருத்துவமே

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குச் சக்கர நாற்காலி கிடைத்துவிட்டால், பெருங்கவலை ஒன்று தீர்ந்ததாகக் குடும்பத்தினர் எண்ணுவது இயல்பு. அடையாள அட்டை, விண்ணப்பம், அளவெடுப்பு, காத்திருப்பு என்று நெடுவழி கடந்து வீடு வந்து சேரும் பொருள் அது. ஆனால் மறுவாழ்வு மருத்துவர்களாகிய எங்களுக்குக் கவலை தொடங்குவது அந்த நாளுக்குப் பிறகுதான். நாற்காலி வழங்கும் நாளில் படம் எடுத்துக்கொள்ளப் பலர் கூடுகின்றனர். இரண்டாம் ஆண்டில் அதன் பிரேக் பிடிக்கிறதா என்று கேட்க ஒருவரும் இருப்பதில்லை. நாற்காலியைத் துடைப்பதும் செப்பனிடுவதும் வீட்டு வேலைகளுள் ஒன்று என்று ஒதுக்கத்தக்கவை அல்ல; அவை குழந்தையின் சிகிச்சையில் ஒரு பகுதி என்பதே எங்கள் உறுதியான கருத்து.

இது எங்கள் கருத்து மட்டுமன்று. கையால் இயக்கும் சக்கர நாற்காலிகள் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, நாற்காலி வழங்கும் பணியை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. பரிந்துரையில் தொடங்கி, உடல்நிலையை மதிப்பிடுதல், உரிய நாற்காலியைத் தேர்ந்தெடுத்தல், பொருத்துதல், பயன்படுத்தப் பயிற்றுவித்தல் என்று அப்படிகள் செல்கின்றன. எட்டாவது படி, தொடர்ந்து கவனித்தலும் பராமரிப்பும் பழுது நீக்கலும் ஆகும். நம் நடைமுறையில் பெரிதும் விடுபட்டுப்போவது இந்த எட்டாவது படிதான்.

வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழ்வோர் இதில் கூடுதல் கவனம் கொள்ளக் காரணங்கள் உண்டு. கடற்காற்றில் உள்ள உப்பு, முலாம் கீறிய இடத்தில் இரும்பைத் துருவாக அரிக்கிறது. துறைமுகம் செல்லும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி பேரிங்குக்குள் நுழைந்து கிரீஸோடு கலந்து பசையாகிறது. வெளுப்போர் குடியிருப்பாகத் தோன்றிப் பெயர் பெற்ற ஊர் இது, இன்றும் எம்.சி. ரோட்டில் துணிக்கடைகள் நிறைந்துள்ளன. தெருவில் கிடக்கும் நூலும், வீட்டுத் தரையில் உதிர்ந்த தலைமுடியும் முன்புறச் சிறு சக்கரங்களின் அச்சில் சுற்றிக்கொள்கின்றன. சக்கரம் திடீரென்று நின்றால் நாற்காலி முன்புறம் குப்புறச் சாயும். வாரில் கட்டப்பட்ட குழந்தையால் கையை ஊன்றித் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது.

காற்றடைத்த டயர் கொண்ட நாற்காலிகளில் இன்னொரு மறைவான ஆபத்து உண்டு. நிறுத்தும் பிரேக், டயரை அழுத்திப் பிடிக்கும் ஒரு கட்டை மட்டுமே. டயரில் காற்று குறைந்தால் அக்கட்டைக்கு உரிய பிடிமானம் கிடைக்காது. பிரேக் போட்டுவிட்டோம் என்று நம்பித் தாய் திரும்பும்போது நாற்காலி சரிவில் நகரும். காற்று குறைந்த நாற்காலியைத் தள்ளக் கூடுதல் வலிமையும் வேண்டும். அந்தச் சுமை தள்ளுபவரின் இடுப்பிலும் தோளிலும் இறங்குகிறது. முதுகுவலி என்று வரும் தாய்மாரிடம் நாங்கள் நாற்காலியைப் பற்றியும் கேட்பது இதனால்தான்.

இருக்கையின் நிலை தோலின் நிலையைத் தீர்மானிக்கிறது. எச்சிலும் சிந்திய சோறும் சிறுநீரும் உறையில் தங்கினால், ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் புண்ணாகிறது. அமுங்கித் தட்டையாகிப்போன பஞ்சு, எலும்பு துருத்தும் இடங்களைக் காப்பதில்லை. உணர்ச்சி குறைந்தவர்க்கு வலியும் தெரியாது. படுக்கைப்புண் ஆழமான பிறகே வீட்டார் காண்கின்றனர். அதை ஆற்ற மாதங்கள் ஆகலாம்.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. நாள்தோறும் இருக்கையையும் தள்ளும் கைப்பிடியையும் ஈரத்துணியால் துடையுங்கள். வாரம் ஒரு முறை உறையைக் கழற்றி, மென்மையான சோப்பில் அலசி, நிழலில் முழுவதும் உலர்த்துங்கள். கடும் வெயிலில் பஞ்சும் ரெக்சினும் விறைத்துப்போகும். சட்டத்தைச் சோப்புநீரால் துடைத்தபின் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரம் போக்குங்கள். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரை அப்படியே காயவிட்டால் கடற்காற்று செய்வதையே அதுவும் செய்யும். வெல்க்ரோ பட்டையில் சிக்கிய நூலைப் பழைய பல்துலக்கியால் எடுத்துவிட்டால் அது மீண்டும் இறுகப் பிடிக்கும். சிறு சக்கரத்தில் சுற்றிய முடியைக் கத்தரித்து நீக்குங்கள். மாதம் ஒரு முறை டயரின் காற்றையும் நட்டு போல்ட்டுகளையும் ஸ்போக் கம்பிகளையும் சைக்கிள் கடையில் பார்க்கச் சொல்லுங்கள். மறவாமல் பிரேக்கைப் போட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் அன்றே சரிசெய்யுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. கிறீச்சிடும் சக்கரத்தில் தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ விட வேண்டாம். அது புழுதியை ஈர்த்துப் பசையாகும். பேரிங்கின் மீது குழாய் நீரைப் பீய்ச்ச வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கரைசலை உலோகத்தின் மீது தங்கவிட வேண்டாம், அது அரிக்கும். டயரில் படிந்த எண்ணெயைப் பெட்ரோலால் துடைக்க வேண்டாம், ரப்பர் கெடும்.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பகுதியில் எண்ணெய்ப் படலமும் பரவியதை வடசென்னை மறந்திராது. வெள்ளத்தில் மூழ்கிய நாற்காலியை வெயிலில் வைத்து எடுத்தால் மட்டும் போதாது. பேரிங்கைப் பிரித்து, சேற்றை நீக்கி, புதிய கிரீஸ் இட வேண்டும். ஊறிய பஞ்சை மாற்ற வேண்டும். மழைக்காலத்திற்கு முன்பே நாற்காலியை உயரமான இடத்தில் வைக்க வழி செய்துகொள்வது நன்று.

இவ்வளவையும் தாயின் தலையிலேயே சுமத்துவது முறையா என்று நீங்கள் கேட்கலாம். முறையன்று. குழந்தைக்கு ஊட்டி, குளிப்பாட்டி, பயிற்சி அளித்து, வேலைக்கும் சென்று வருபவரிடம் அழுக்கான நாற்காலியைக் காட்டிக் கடிந்துகொள்ளும் உரிமை எந்த மருத்துவருக்கும் இல்லை. துடைப்பதை வீட்டார் பகிர்ந்துகொள்ளலாம். அண்ணனோ தாத்தாவோ செய்யலாம். பழுது நீக்குவதற்கோ அமைப்புகள் பொறுப்பேற்க வேண்டும். பழுதானால் புதியது வாங்கித் தந்துவிடலாமே என்பாரும் உளர். புதியது வரும்வரை குழந்தை தரையில் கிடக்கும், பள்ளியும் நின்றுபோகும்.

மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலையருகே செல்ல 2022ஆம் ஆண்டு நவம்பரில் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயலில் அது சேதமுற்றது, பின்னர் செப்பனிடப்பட்டது. அதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் திறப்பு விழாவுக்குப் பொருள் ஏது? கடலோரத்தில் எதையும் அமைப்பதோடு கடமை முடிவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் நாற்காலிக்கும் இது பொருந்தும்.

ஆதலால் மருத்துவமனைகளிடம், எங்களையும் சேர்த்தே, மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். நோயாளியின் குறிப்பேட்டில் நாற்காலியின் நிலையும் ஒவ்வொரு முறையும் பதியப்பட வேண்டும். மாதம் ஒரு நாள் அனுபவமுள்ள சைக்கிள் மெக்கானிக் ஒருவரை ஊதியம் தந்து அழைத்து, பழுதுபார்க்கும் நாள் நடத்த வேண்டும். நாற்காலி பழுதில் இருக்கும் நாள்களுக்கு இரவல் நாற்காலி தர வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, ஆழமான ஒரு படுக்கைப்புண்ணுக்கு ஆகும் செலவைவிடச் சிறிது என்றே நாங்கள் கருதுகிறோம்.

உங்களிடம் கேட்பது ஒன்றே. அடுத்த முறை வரும்போது, ஆட்டோவில் இடமில்லை என்று குழந்தையை மட்டும் இடுப்பில் சுமந்து வராதீர்கள். முடிந்தால் நாற்காலியையும் கொண்டுவாருங்கள். இயலாவிட்டால் சக்கரம், பிரேக், இருக்கை மூன்றையும் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். குழந்தையைப் பரிசோதித்த பின் நாற்காலியையும் பார்க்கும்படி எங்களிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை; பார்ப்பது எங்கள் கடமை.