வாய்மொழி உத்தரவு

"ஏ.சி. ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டுவதில் என்ன கஷ்டம்? நாமெல்லாம் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டவில்லையா?" கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் நம் வயதுக்காரர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். பிள்ளையோ பேரனோ ஸ்டார்ட்-அப் வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்தால், "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை கிடையாது" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பிரெஞ்சு மீடியத்தில் ப்ரவே முடித்து, 1970களில் புதுச்சேரி அரசில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தவன் நான். எங்கள் அலுவலகம் ஒன்றும் சொர்க்கமாக இருக்கவில்லை. தாமதமாகப் போனால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை. அது தொடர்ந்தால் அரை நாள் தற்செயல் விடுப்பு போகும். அதிகாரிக்குப் பிடிக்காதவனுக்கு மாஹேவுக்கோ ஏனாமுக்கோ மாற்றல். பத்துப் பேர் முன்னால் ஃபைலைத் தூக்கி எறிந்த அதிகாரியையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அங்கே எல்லாவற்றுக்கும் காகிதம் இருந்தது. மெமோவுக்கு எண் உண்டு, தேதி உண்டு, பதில் சொல்ல அவகாசம் உண்டு. விசாரணை இல்லாமல் ஒருவனை வேலையை விட்டுத் துரத்த முடியாது, அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். 1964ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் மூன்றாம் விதியைப் பாருங்கள். மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில்தான் இருக்க வேண்டும். அவசரத்தில் வாயால் சொன்னால், உடனே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். கீழே இருப்பவனும் அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த விதியின் அருமை எனக்கு ஒருநாள் புரிந்தது. ஒரு பில்லை, ஆட்சேபணைகள் தீர்வதற்கு முன்பே பாஸ் செய்யும்படி அதிகாரி ஒருவர் என்னிடம் வாயால் சொன்னார். என் சூப்பரின்டென்டென்ட் காதோடு சொன்னார்: "தம்பி, முடியாதுன்னு சொல்லாதே. நோட் ஷீட்டிலே 'தாங்கள் வாய்மொழியாகப் பணித்தபடி'ன்னு எழுதி, கையெழுத்துக்கு வை." அப்படியே வைத்தேன். ஃபைல் மூன்று நாள் அவர் மேஜையில் கிடந்தது. பிறகு, "ஆட்சேபணைகளைத் தீர்த்த பின் மீண்டும் சமர்ப்பிக்கவும்" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. வாயால் சொன்னதை எழுத்தில் சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

இப்போது என் தங்கையின் பேரன் கதைக்கு வருகிறேன். வயது இருபத்தாறு. பெங்களூரில் நாற்பது பேர் உள்ள ஒரு ஸ்டார்ட்-அப்பில் இருந்தான். அவன் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு மென்பொருள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து மேலே அனுப்பும். பாத்ரூம் போய்வர நேரமானால் 'எங்கே இருக்கிறாய்' என்று செய்தி வரும். ராத்திரி பதினொன்றரைக்கு முதலாளி போன் செய்வார், எடுக்காவிட்டால் மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலும் கேள்வி. லீவு கேட்டால், "நாமெல்லாம் ஒரே குடும்பம், குடும்பத்தில் லீவு உண்டா?" என்பாராம். ஒருநாள் காலை, உடன் வேலை பார்த்த பெண்ணின் பெயர் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. அவளை நீக்கிவிட்டார்கள் என்பது மற்றவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

அவன் என்னிடம் சொன்னான்: "தாத்தா, எங்க ஆபீஸ்ல எதையும் எழுத மாட்டாங்க. போன்லதான் திட்டுவாங்க. மெசேஜ்ல ஹார்ட் போடுவாங்க."

எனக்கு விஷயம் அங்கேதான் பிடிபட்டது. அதிக நேரம் உழைப்பதால் மட்டும் ஒருவன் நொந்து போவதில்லை. எவ்வளவு வேலை, எதுவரை வேலை, யாரிடம் முறையிடுவது என்று எதுவுமே எழுதப்படாத இடத்தில் முதலாளியின் மனநிலைதான் சட்டம். நமக்கு வாய்த்த கொடுமைக்கார அதிகாரிக்கு மேலே இன்னொரு அதிகாரி இருந்தார். இவனுக்கு மேலே இருந்தது ஒரே ஆள். நாம் பொறுத்துப்போனதற்கு ஈடாகப் பென்ஷன் கிடைத்தது. இவனுக்கு நாலு வருஷம் கழித்து ஏதோ பங்கு தருவதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிறகும், சாப்பிடும்போது போன் அதிர்ந்தால் பையன் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன்.

நம் ஊருக்கு இது புரியாத விஷயமல்ல. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் போலீஸ் சுட்டதில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு, 1937இல், எட்டு மணி நேர வேலை என்பது இங்கே சட்டமானது. வேலைக்கு எல்லை உண்டு என்பதை எழுத்தில் வாங்கத்தான் அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு "பொறுத்துப் போ" என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

பிரான்சிலும் இந்த நோய் இருந்தது. பிரான்ஸ் டெலிகாம் நிறுவனம் 22,000 பேரைக் குறைக்கத் திட்டமிட்டு ஊழியர்களை நெருக்கியது, பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அதன் முன்னாள் தலைவர் திதியே லொம்பாரைக் குற்றவாளி என்றது, நிறுவனத்துக்கு 75,000 யூரோ அபராதம் விதித்தது. இந்தக் குற்றத்துக்கு அங்கே 'அர்செல்மான் மொரால்' என்று பெயர், மனரீதியான துன்புறுத்தல். வேலை நேரம் முடிந்த பின் போனையும் மெயிலையும் தள்ளி வைக்கும் உரிமையும் 2017 முதல் அங்கே சட்டத்தில் இருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைக் கொடுக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

அந்தப் பையனுக்கு நான் சொன்னது நோட் ஷீட் பாடம்தான். போனில் உத்தரவு வந்தால், உடனே ஒரு மெயில்: 'இன்று காலை நீங்கள் போனில் சொன்னபடி இந்த வேலையை இத்தனை நாளில் முடிக்கச் சொன்னதாகப் புரிந்துகொண்டேன். வேறு மாதிரி இருந்தால் தெரிவிக்கவும்.' மரியாதையான இரண்டு வரி, சண்டை எதுவும் இல்லை. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், லீவு கேட்ட மெயில், ராஜினாமா மெயில் ஆகியவற்றின் நகல் கையில் இருக்க வேண்டும்.

அப்படி எழுத ஆரம்பித்த இரண்டாவது வாரம் ராத்திரி போன்கள் குறைந்தன. மூன்றாவது வாரம், "உனக்கு எங்கள் மேல் நம்பிக்கை இல்லை" என்றார்களாம். அந்த மாதமே ராஜினாமா செய்தான். அனுபவச் சான்றிதழை இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். கையில் மெயில்கள் இருந்ததால் கேட்டு வாங்க முடிந்தது. இப்போது சென்னையில் கொஞ்சம் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்கிறான், நன்றாகத் தூங்குகிறான்.

"கல்யாணப் பேச்சு நடக்கிற நேரத்தில் வேலையை விடலாமா" என்று அவன் அம்மா அழுதாள். அவள் கவலை நியாயம்தான். ஆனால் சம்பளம் எவ்வளவு என்று விசாரிக்கும் நாம், வேலை எத்தனை மணிக்கு முடிகிறது, அது எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது என்றும் விசாரிக்க வேண்டும். பதில் இல்லையென்றால், பையன் திரும்பி வரும்போது தீர்ப்புச் சொல்லாமல் சாப்பாடு போடுங்கள்.