பத்தாவது முடித்த பிள்ளையின் கையில் எந்த நாவல்?

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிகிறது. அதற்குப் பிறகு தருமபுரி மாவட்டத்து மலையோர ஊர்களில் நடப்பது என்ன? பையன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ, திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கோ பஸ் ஏறுகிறான். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். 18 வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் முடிப்பது குற்றம் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது; பந்தலும் போடப்படுகிறது. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் நம்முடையது. ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 68 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது.

இந்தக் கோடை விடுமுறையில் அந்தப் பிள்ளைகளின் கையில் ஒரு நாவலைக் கொடுங்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

"கல்யாணத்தை நிறுத்த நாவலா?" என்று தோழர்கள் சிரிக்கலாம். நாவல் கல்யாணத்தை நிறுத்தாது என்பது நமக்கும் தெரியும். அதற்கு 1098 என்ற தொலைபேசி எண் வேண்டும், அதிகாரி வேண்டும், துணிந்து நிற்க ஊரில் நாலு பேர் வேண்டும். ஆனால் "எனக்கு வேண்டாம், நான் படிக்கிறேன்" என்று முதலில் வாய் திறக்க வேண்டியவள் அந்தப் பெண்தானே? அப்படிச் சொல்லலாம் என்பதே அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சொன்ன ஒருத்தியை அவள் பார்த்திருக்க வேண்டும். ஊரில் அப்படி ஒருத்தி இல்லையென்றால், புத்தகத்திலாவது பார்க்கட்டும்.

இதில் நாமும் தவறு செய்திருக்கிறோம். நாம் பத்தாவதோடு நின்றவர்கள். மூத்த தோழர் ஒருவர் கொடுத்த 'வீரம் விளைந்தது' நாவலைப் படித்துத்தான் பொது வேலைக்கு வந்தோம். ஆகவே பார்த்த பிள்ளைகளுக்கெல்லாம் அதையே நீட்டினோம். கண் பார்வை இழந்த நிலையிலும் ஆஸ்திரோவ்ஸ்கி எழுதிய மகத்தான நூல் அது, சந்தேகமில்லை. ஆனால் புத்தகமோ கனம், பெயர்களோ புதிது, யுத்தமோ எங்கேயோ நடப்பது. பத்துப் பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. நமக்குப் பிடித்ததைக் கொடுத்தோமே ஒழிய, அவர்களுக்கு எது வேண்டும் என்று கேட்கவில்லை. அந்த நூலை இரண்டாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்வோம். முதலில் கொடுக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1962-ல் எழுதிய 'முதல் ஆசிரியர்'. சிறிய புத்தகம். கிர்கீஸிய மலைக் கிராமம் ஒன்றுக்கு 1924-ல் துய்ஷேன் என்ற வாலிபன் வருகிறான். அவனுக்கே எழுத்து அரைகுறை. ஆனாலும் பாழடைந்த குதிரை லாயம் ஒன்றைப் பள்ளிக்கூடமாக்குகிறான். குளிர்காலத்தில் ஓடையைத் தாண்ட முடியாத குழந்தைகளை முதுகில் சுமந்து கரையேற்றுகிறான். அல்தினாய் என்ற அனாதைப் பெண், தான் பொறுக்கிய வறட்டியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு போய்ச் சித்தியிடம் அடி வாங்குகிறாள். பிறகு அந்தச் சித்தியே அவளை ஒருவனுக்கு இரண்டாம் தாரமாக விற்கிறாள். தடுக்கப் போன துய்ஷேனின் கையை முறித்துப் போடுகிறார்கள். அவன் விடவில்லை, காவலர்களோடு போய் அவளை மீட்டுப் பட்டணத்துக்குப் படிக்க அனுப்புகிறான். அவள் பேரறிஞராகிறாள். பிற்காலத்தில் அந்த ஊரின் புதிய பள்ளிக்கூடத் திறப்பு விழாவுக்கு அவள்தான் பிரதம விருந்தினர். அதே நேரத்தில் கிழவன் துய்ஷேன் வாழ்த்துத் தந்திகளைக் கொடுத்துவிட்டு வாசலோடு போய்விடுகிறான். அவன் இப்போது தபால்காரன்!

2019 தேர்தலில் பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் ஏறின. அப்படிப்பட்ட மலைப் பாதையில் நடக்கும் பிள்ளைக்கு அந்தக் கிர்கீஸிய ஊர் அந்நியமாகத் தோன்றுமா? ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை நாவல் மறைக்கவில்லை. படித்த பிறகு பேசுவதற்கு ஓர் அக்காளோ ஆசிரியையோ பக்கத்தில் இருப்பது நல்லது.

இரண்டாவது, பெருமாள் முருகனின் 'கூளமாதாரி', 2000-ல் வெளிவந்தது. கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியர் சிறுவன் கூளையனின் கதை. கொங்குப் பேச்சு மொழி. பையன்களுக்கு அகராதி தேவைப்படாது. ஆடும் மேடும் கிணறும் பனையும் அவர்கள் அறிந்தவையே. விளையாட்டையும் பசியையும் ஒருசேரச் சொல்லி, சாதியும் வறுமையும் ஒரு குழந்தைப் பருவத்தை எப்படித் தின்கின்றன என்று காட்டுகிறது. படிப்பை விட்டு வேலைக்குப் போகத் துடிக்கும் பையன் படிக்க வேண்டியது இது.

மூன்றாவது, இரா. நடராசனின் 'ஆயிஷா'. ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய குறுநாவல். கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் மாணவி, அடி வலிக்காமலிருக்க உடம்பை மரத்துப் போகச் செய்யும் மருந்தைத் தன் மீதே சோதித்து உயிரை விடுகிறாள். இதைப் பிள்ளைகள் மட்டுமல்ல, ஆசிரியர்களும் படிக்க வேண்டும். ஏன், வீட்டில் "வாயை மூடு" என்று அதட்டும் நாமும்தான்!

செய்ய வேண்டியது என்ன? பெரிய விழா வேண்டாம், பேனர் வேண்டாம். ஊருக்கு ஒரு பிரதி போதும். சாயங்காலம் கோயில் திண்ணையிலோ, வேப்பமரத்தடியிலோ ஐந்தாறு பிள்ளைகள் உட்காரட்டும். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். நாளைக்குப் பத்துப் பக்கம். எழுத்துக் கூட்டத் தெரியாத தாய்மாரும் வந்து உட்காருவார்கள், உட்காரட்டும். பெண்ணை இப்போதே கட்டிக் கொடுப்பதா என்று முடிவு செய்யும் வீட்டில் அவர்களும் இருக்கிறார்கள் அல்லவா?

கைபேசியைப் பிடுங்கிக் கொண்டு புத்தகத்தைத் திணிக்காதீர்கள். "இதைப் படி" என்று உத்தரவு போடாதீர்கள். "நாங்கள் படித்தோம், அந்தத் தபால்காரன் வாசலோடு போன இடத்தில் அழுதுவிட்டோம்" என்று சொல்லிக் கொடுங்கள். அது உண்மையாக இருக்க வேண்டும். ஆகவே, தோழர்களே, முதலில் நாம் படிப்போம்.