பிறந்த திகதிக்கு மணிக்கூடு எதற்கு?

03/04/2015 என்று எழுதினால் நாம் ஏப்ரல் 3 என்று வாசிப்போம். அமெரிக்காவில் அது மார்ச் 4. ஒன்லைன் விண்ணப்பத்தில் இப்படி நிரப்பி அனுப்பினால், மறுபக்கத்தில் இருக்கும் மென்பொருள் எந்த முறையில் வாசிக்கும் என்பது அதைச் செய்தவரின் கையில் இருக்கிறது.

நாள் 12 ஐத் தாண்டினால் பெரும்பாலும் பிழை பிடிபட்டுவிடும். 25 ஆம் மாதம் என்று ஒன்று இல்லையே! 12 க்குள் இருந்தால்தான் ஆபத்து. நாளும் மாதமும் சத்தமில்லாமல் இடம் மாறிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் கொடுப்பது வெறும் திகதி. பல மென்பொருட்கள் அதோடு நள்ளிரவு 12 மணி என்று ஒரு நேரத்தையும் ஒட்டி, உலகப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமிக்கின்றன. நாம் அந்த நேரத்துக்கு 5.30 மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம். ஆகவே இங்கே நள்ளிரவு என்றால் அங்கே முதல்நாள் மாலை 6.30. திரும்ப எடுக்கும்போது கவனிக்காவிட்டால் பிள்ளை ஒரு நாள் முன்னதாகவே பிறந்துவிடுகிறது!

1996 இல் எமது நாட்டின் நேரம் மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் பழைய 5.30 கணக்குக்குத் திரும்பியது நினைவிருக்கும். இடைப்பட்ட காலத்தில் பிறந்தவர்களின் திகதியை நேரத்தோடு சேமித்து, இன்றைய கணக்கில் திருப்பினால் அதிலும் ஒரு நாள் வழுக்கலாம்.

அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த நாளைக் கணக்கிடும் படிவங்களிலும் இதே கதைதான். அந்த இலக்கத்தில் எல்லா வருடமும் பெப்ரவரிக்கு 29 நாட்கள். மார்ச் 1 எப்போதும் 61 ஆவது நாள். இது தெரியாமல் சாதாரண கலண்டரில் எண்ணினால் மார்ச் 2 என்று வரும்.

ஒரு நாள்தானே என்று விட்டுவிட முடியாது. தரம் 1 அனுமதிக்கு ஜனவரி 31 இல் 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். பெப்ரவரி 1 இல் பிறந்த பிள்ளையைக் கணினி ஜனவரி 31 என்று பதிந்தால் முதலில் 'தகுதி உண்டு' என்று வரும். பிறப்புச் சான்றிதழைப் பார்த்ததும் 'இல்லை' என்பார்கள். அப்போது சந்தேகப் பார்வை விழுவது மென்பொருள் மீதல்ல, அந்தத் தாய் தகப்பன் மீது.

'கவனமாக நிரப்புங்கள்' என்று பெற்றோருக்கு மட்டும் புத்தி சொல்வது நியாயமில்லை. சரியாக நிரப்பியவரையும் பிழையாக்கும் படிவத்தைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

எமது ஊரில் பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் சங்கங்களுக்கும் படிவம் செய்து கொடுக்கும் தம்பி, தங்கைகளே! பிறந்த திகதியை நேரம் ஒட்டாமல் திகதியாகவே வையுங்கள். 1988 இல் வந்த சர்வதேச ஒழுங்கு இருக்கிறது: வருடம், மாதம், நாள். 2015-04-03 என்று சேமித்தால் குழப்பமில்லை. உலாவியிலுள்ள திகதிப் பெட்டியும் திரையில் எப்படிக் காட்டினாலும் இந்த ஒழுங்கில்தான் அனுப்புகிறது. பெப்ரவரி 30 என்று யாராவது போட்டால் மார்ச்சுக்குத் தள்ளிவிடாமல் திருப்பிக் கேளுங்கள். அனுப்புமுன் '2015 ஏப்ரல் 3, சரிதானா?' என்று மாதத்தின் பெயரோடு காட்டுங்கள்.

நாள் எங்கே தொடங்குகிறது என்பது நமக்குப் புதிய கேள்வியல்ல. பிறைக் கணக்கில் மஃரிபோடு நாள் மாறும். ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவில் மாறும். எந்தக் கணக்கு என்று தெரிந்துகொண்டே பேசுகிறோம். கணினிக்கும் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பெற்றோரே, கொமினிகேஷனில் கொடுத்து நிரப்பினாலும் அனுப்பிய பிரதியை வாங்கி, பிறப்புச் சான்றிதழை அருகில் வைத்து ஒருமுறை ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் அன்றைக்கே திருத்தக் கேளுங்கள்.