செம்பருத்திக்கு வயல் மருந்து வேண்டாம்

பேராவூரணிப் பக்கம் கொல்லையில் பூச்செடி வைத்திருக்கும் பெண்கள் நாலு பேர் கூடினால் பேச்சு இதுதான். செம்பருத்தி, நந்தியாவட்டை, மல்லி எல்லாம் இலை கறுத்துக் கிடக்கிறது, தொட்டால் பிசுபிசுக்கிறது, பூவும் குறைந்துவிட்டது. உடனே மருந்துக் கடைக்கு ஆள் போகிறது. நெல்லுக்குக் கொடுக்கும் மருந்தே வீட்டுக்கும் வருகிறது. மறுநாள் காலையில் அதே செடிப் பூ சாமி படத்துக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் சடைக்கும் போகிறது. இதை என்னால் ஒப்ப முடியவில்லை.

வினை செடியில் இல்லை, மேலே தென்னையில் இருக்கிறது. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த சுருள் வெள்ளை ஈ, 2016-இல் பொள்ளாச்சியில் தென்பட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்ததுபோக மிஞ்சிய நம் மரங்களையும் அது விடவில்லை. ஓலைக்கு அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவைச் சொட்டுகிறது. சொட்டு விழுந்த இலையில் கரும்பூசணம் படர்ந்து வெயிலை மறைக்கிறது. கல்வாழையில் ஈயே இறங்கிவிடும்.

தாழ்ந்த ஓலை ஒன்றை வளைத்து அடிப்பக்கம் பாருங்கள். விரல் ரேகைபோல வெள்ளை மெழுகு சுற்றிச் சுற்றி இருக்கும். நடுவில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அந்த ஓலையை வெட்டி எரிக்காதீர்கள். என்கார்சியா என்னும் பொடிக் குளவி முட்டையிட்ட ஈக்குஞ்சுகள் அவை. உள்ளே வளரும் குளவி, குஞ்சைத் தின்று தீர்த்துத் துளையிட்டு வெளியே வரும். அந்த ஓலைத் துண்டை ஈ மண்டிய வேறு மரத்தில் கட்டினால் அங்கேயும் பரவும். விஷம் அடித்தால் குளவி செத்துப்போகும். ஈ மறுபடி பெருகும்.

செடிக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா வீதம் கஞ்சி காய்ச்சி, ஆறியதும் தெளித்தால் போதும். காய்ந்து உதிரும்போது கறுப்பும் கூடவே உதிரும். ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளைக் கட்டுவதும் ஈயைக் குறைக்கும்.

இதையெல்லாம் வேளாண் பல்கலைக்கழகம் தென்னை விவசாயிகளுக்குப் பல காலமாகச் சொல்லிவருகிறது. பக்கத்தில் வேப்பங்குளத்திலேயே அதன் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோப்புக்காரர்களோடு நிற்காமல், கொல்லையில் இரண்டு மரம் வைத்திருக்கிற வீடுகளுக்கும் வேளாண் துறை வரட்டும். மகளிர் குழுக் கூட்டத்துக்கு அந்த ஓலையோடு ஒரு அலுவலர் வந்து, கறுப்புப் புள்ளியைக் கையில் கொடுத்துக் காட்டட்டும்.