கால் விழுமுன் கதவு திறக்கட்டும்!

தீப்பிடித்த வீட்டுக்குத் தண்ணீர் திங்கட்கிழமை வரும் என்று ஒருவர் சொன்னால் நாம் சும்மா இருப்போமா? இருக்க மாட்டோம். ஆனால், புற்றுநோய் முதுகெலும்பில் ஏறி, அதனுள் ஓடும் தண்டுவடத்தை நெருக்கத் தொடங்கிவிட்ட மனிதரிடம், "இன்று வெள்ளி, திங்கட்கிழமை வாருங்கள்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். இடையில் இருப்பது இரண்டே நாள். அந்த இரண்டு நாளில் பறிபோகக்கூடியவை அவருடைய இரண்டு கால்கள்!

எப்படிப் பறிபோகின்றன? மார்பகத்திலோ, நுரையீரலிலோ, ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியிலோ தோன்றிய புற்று, இரத்த ஓட்டத்தோடு கிளம்பி முதுகெலும்பில் குடியேறுகிறது. எலும்பை அரிக்கிறது, கட்டியாகப் பருக்கிறது, தண்டுவடத்தின்மீது சாய்கிறது. மூளையின் கட்டளையைக் காலுக்குக் கொண்டுபோகும் வழி அந்தத் தண்டுவடம். அது நசுங்கினால் இரத்தம் போவது தடைப்படும், வீக்கம் காணும், கட்டளை நிற்கும். கால் மரத்துப்போகும், தள்ளாடும், கடைசியில் விழுந்தேவிடும். சிறுநீரும் மலமும் நம் கட்டுப்பாட்டை விட்டுப் போகும். முற்றிலும் நசுங்கிச் செத்த நரம்பு மறுபடி பிழைப்பது அரிது.

மருத்துவம் இல்லையா? உண்டு. வீக்கத்தைத் தணிக்க, மருத்துவர் உடனே டெக்ஸாமெத்தசோன் தருவார். அடுத்தது, நம் மக்கள் 'கரண்ட் வைப்பது' என்கிறார்களே, அந்தக் கதிர்வீச்சு. நோயை வேரோடு களைய அல்ல; கட்டியைச் சுருக்கிக் காலைக் காப்பாற்ற, வலியைக் குறைக்க. சிலருக்கு அறுவையும் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் நெருக்கம் கண்ட, அறுவையைத் தாங்கும் உடல்வலு உள்ள 101 பேரை வைத்து அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வெளிவந்தது. அறுவையும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 100க்கு 84 பேர் நடந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 பேர்.

எந்த மருத்துவமாயினும் அதன் வெற்றியை முதலில் முடிவு செய்வது நேரம். நடந்து வந்தவர் பெரும்பாலும் நடந்தே வீடு திரும்புகிறார். தூக்கி வரப்பட்டவர் பெரும்பாலும் தூக்கியே செல்லப்படுகிறார். மருத்துவ உலகம் பல்லாண்டாய்க் கண்டறிந்த உண்மை இது.

ஸ்காட்லாந்தில் இந்த நிலைக்கு ஆளான 319 பேரைப் பற்றிக் கணக்கெடுத்து 2002இல் வெளியிட்டார்கள். நோய் இன்னதென்று தெரிந்த அன்று, 100க்கு 82 பேர் நடக்கவே முடியாதவர்கள், அல்லது பிறர் துணையின்றி நடக்க முடியாதவர்கள். ஏறத்தாழ எல்லோருக்கும் வலி முன்கூட்டியே வந்திருந்தது. அதுவும் ஏறக்குறைய மூன்று மாதமாக! மூன்று மாதம் முதுகு முறையிட்டது, கேட்க ஆளில்லை. அவர்களில் 100க்கு 23 பேருக்குத் தமக்குப் புற்றுநோய் இருப்பதே அதுவரை தெரியாது.

ஸ்காட்லாந்துக் கணக்கு நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். முதுகெலும்புக்கு நாடும் இல்லை, சாதியும் இல்லை. அங்கே மூன்று மாதம் பொறுத்தார்கள் என்றால், மூட்டை சுமந்தே முதுகு வளைந்த நம் தொழிலாளி எத்தனை மாதம் பொறுப்பார்? "சுமை தூக்கினால் வலிக்கத்தான் செய்யும்" என்று தைலம் தேய்ப்பார்; சுளுக்கு வழிக்கப் போவார்; கூலி போகுமே என்று மறுநாளும் மூட்டைக்கடியில் குனிவார். அவர்மீது நாம் குற்றம் சொல்லமாட்டோம். ஒரு நாள் மருத்துவமனை வாசலில் நின்றால் ஒரு நாள் உலை எரியாத வீடு அது.

அந்த வீட்டுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 2008 முதல் 2016 வரை 686 நோயாளிகளைச் சேர்த்து ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் பெயர் ஸ்கோராட். ஒரு பாதிக்கு ஒரே நாளில் 8 கிரே அளவு கதிர். மறுபாதிக்கு ஐந்து நாளில் 20 கிரே. 2019இல் முடிவு வந்தது. எட்டாவது வாரத்தில் நடந்தவர்கள், ஒரு நாள் பெற்றவர்களில் 100க்கு 69 பேர். ஐந்து நாள் பெற்றவர்களில் 73 பேர். ஒரு நாள் எவ்வகையிலும் குறைந்ததல்ல என்று அறுதியிட முன்பே வகுத்திருந்த எல்லை மயிரிழையில் தவறியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆனால் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மூன்று மாதத்துக்குள் மறைந்தார்கள். எஞ்சிய நாள் இவ்வளவுதான் என்றிருப்பவருக்கு, நான்கு நாள் வீட்டுத் திண்ணையில் கிடைப்பது சிறிய பேறா? யாருக்கு ஒரு நாள், யாருக்கு ஐந்து நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஊர் தூரம், கூலி போகும் என்பதால் சிகிச்சையே வேண்டாம் என்று எவரும் திரும்ப வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் 2008லேயே நைஸ் என்னும் அமைப்பு இதற்கு நெறிமுறை வகுத்தது. கால் தளர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. படம், உறுதியானால், கூடுமானவரை அடுத்த 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை, எந்நேரமும் அழைத்துப் பேச ஒரு பொறுப்பாளர். 2023இல் அந்த நெறிமுறையைப் புதுப்பித்தார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை கண்ட நாடு இது. நமக்கு மருத்துவம் புதிதல்ல, மருத்துவருக்கும் பஞ்சமில்லை. ஆகவே கேட்கிறோம்: மாவட்டந்தோறும் இதற்கென ஒரு தொலைபேசி எண் வேண்டும். கதிர்வீச்சு எந்திரம் உள்ள ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும், ஞாயிறானாலும் பொங்கலானாலும், இந்த ஒரு நோய்க்குக் கதவு திறக்க வேண்டும்.

தோழர்களே! உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. படிப்பகப் பலகையில் எழுதி வையுங்கள். சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். முதுகுவலி எல்லாம் புற்றுநோய் அல்ல, அஞ்ச வேண்டாம். ஆனால், படுத்தால் கூடும் வலி, இரவில் எழுப்பும் வலி, இருமினாலோ தும்மினாலோ தெறிக்கும் வலி, மார்பைப் பட்டை போட்டு இறுக்கும் வலி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். கால் தளர்ந்தாலும், மரத்தாலும், சிறுநீர் அடைத்தாலும் அன்றே, அந்த நேரமே புறப்படுங்கள். முன்பு எப்போதோ புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவராயின், அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் தானே மாத்திரை வாங்கிக் காலம் கடத்த வேண்டாம்.

உழைத்த முதுகு அது. ஊரைச் சுமந்த கால் அது. கடைசி நாள்வரை அந்தக் கால் தன் வாசற்படியைத் தானே தாண்டட்டும். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறோம்!