தாய்தான் கிடைத்தாளா?

குற்றவாளிக் கூண்டிலே மீண்டும் தாய்! கருவுற்ற பெண்கள் பாரசிட்டமால் விழுங்குவதற்கும், பிள்ளைகளின் பேச்சும் பழகும் விதமும் வேறுபடும் ஆட்டிசத்துக்கும் 2025 செப்டம்பரில் முடிச்சுப் போட்டார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு! சுவீடனிலே ஏறத்தாழ 25 இலட்சம் குழந்தைகளின் பதிவேடுகளைப் புரட்டி, உடன்பிறந்தாரை ஒப்பிட்டனர் ஆய்வாளர். மாத்திரைமீது குற்றம் காணவில்லை என்று 2024-லேயே அறிவித்தனர்.

புதிய பழியா இது? 1950களில் அதே அமெரிக்காவில், அன்பற்ற தாயால் வந்த வினை என்றனர் மேதாவிகள். அத்தகைய மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட், 1964-ல் நூலெழுதி அதை மறுத்தார்.

1998-ல் பிரிட்டனில் வேக்ஃபீல்டு என்ற மருத்துவர், 12 குழந்தைகளைக் காட்டித் தட்டம்மைத் தடுப்பூசிமீது ஐயம் கிளப்பினார். 2010-ல் அக்கட்டுரையை லான்செட் ஏடு விலக்கியது. மருத்துவர் பதிவேடு அவர் பெயரை நீக்கியது. ஊசி போட்டது பிழையோ எனக் கலங்கியவளும் தாய்தானே!

மரபணுக்களின் பங்கே பெரிது என்கிறது அறிவியல். அவை தந்தை வழியும் வருபவை, தோழர்களே! "நீ என்ன செய்தாய்?" என்று அவளைக் கேட்பது கொடுமை. "நாம் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்போம், அதுவே ஆண்மை, அதுவே அறிவு!